காந்தளைத் தூங்க விடுங்கள்

தை பிறந்ததும் என் கைபேசிக்கு இப்படி ஓர் அழைப்பு வந்துவிடும். “டீச்சர், நீங்க குடுத்த செடி பட்டுப்போச்சுங்க. தண்ணியும் ஊத்திப் பாத்துட்டேன், உரமும் வெச்சுப் பாத்துட்டேன். தழையவே மாட்டேங்குதுங்க.” எடுத்த எடுப்பில் நான் சொல்வது, “முதல்ல தண்ணிய நிறுத்துங்க” என்பதுதான். “தொட்டியத் தூக்கி வீசிடாதீங்க. மழை படாத எடத்துல ஓரமா வெச்சுட்டு வைகாசி வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க.” மறுமுனையில் நம்பிக்கையே இல்லாமல் ஒரு “சரிங்க” கேட்கும். ஆனி மாதம் அதே வீட்டிலிருந்து மறுபடி கூப்பிடுவார்கள். அப்போது குரலே வேறாக இருக்கும்.

அந்தச் செடி செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக அடுக்கிய 99 பூக்களில் முதலில் நிற்பது இதுதான். முருகனுக்கு உரிய பூ. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்னதும் இதைத்தான். ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். மாவீரர் நாளோடு சேர்ந்த பூவாக அந்த மக்கள் நெஞ்சில் அதற்கு வேறோர் இடம் உண்டு. எங்கள் கொங்குப் பக்கம் கண்வலி என்று சொன்னால்தான் தெரியும். இத்தனை பெயரும் பெருமையும் இருந்தும், நம் வீட்டு வாசலில் மட்டும் இதைக் காண்பது அரிது. எங்கிருந்தோ வந்த ரோஜாவுக்கும் ஆர்க்கிடுக்கும் கிடைக்கிற இடம் இதற்குக் கிடைக்கவில்லை.

காரணம் இரண்டு. வருடத்தில் பாதி நாள் இது கண்ணில் படாது. செத்துவிட்டது என்று நினைத்து வீசிவிடுகிறார்கள். மற்றது, இது நஞ்சு. முதலாவது வெறும் அறியாமை, பேசியே தீர்க்கலாம். இரண்டாவது உண்மை, பூசி மெழுகக் கூடாத உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டவர் வீட்டில் இந்தச் செடி தாராளமாக வாழும்.

என் அய்யன் மூலனூர் பக்கம் மேட்டாங்காட்டில் கண்வலி பண்ணையம் செய்தவர். பூவுக்காக இல்லை, விதைக்காக. நான் தாவரவியல் படித்து, கரூரில் மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றேன். இப்போது வீட்டு முன்புறமும் மொட்டை மாடியிலும் தொட்டிகளில் வளர்க்கிறேன். காட்டில் பார்த்ததும் புத்தகத்தில் படித்ததும் ஒன்றுக்கொன்று துணை நின்றதால்தான் இந்தச் செடி எனக்குப் பிடிபட்டது.

முதலில் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். காந்தளுக்கு உயிர் கிழங்கில். இரண்டு கைகள் பிரிந்த கவட்டை வடிவில், விரல் பருமனில் இருக்கும். கலப்பையைப் போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். உருளைக்கிழங்கில் மேலெங்கும் கண்கள் இருக்கும். எந்தத் துண்டை நட்டாலும் முளைக்கும். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அந்த நுனி ஒடிந்தாலோ நசுங்கினாலோ அந்தக் கையிலிருந்து இனி முளை வராது. கிழங்கு பார்க்கத் திடமாக இருக்கும், ஆனால் சுண்ணாம்புக் குச்சி மாதிரிப் பட்டென்று ஒடியும். வாங்கும்போதே இரண்டு நுனியையும் உற்றுப் பாருங்கள். கிழங்கு பெரிதா சிறிதா என்பது அப்புறம்.

மழைக்காலத்தில் இந்தக் கிழங்கு தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துக் கொடியை எழுப்பும். கொடி இலை விட்டு, பூத்து, காய்க்கும்போதே தன் அடியில் புதுக் கிழங்கை உருவாக்கத் தொடங்கிவிடும். பழைய கிழங்கு சுருங்கி, தோலாகி, மண்ணோடு போய்விடும். அடுத்த வருடம் முளைப்பது இந்தப் புதுக் கிழங்கிலிருந்து. ஆகவே ஒரு காந்தள் பல ஆண்டு வாழ்கிறது என்றால், ஒவ்வோர் ஆண்டும் அது தன்னை அடியோடு புதுப்பித்துக்கொள்கிறது என்று பொருள். இரண்டு நுனியும் முளைத்தால் இரண்டு கொடி; ஒவ்வொரு கொடியின் அடியிலும் ஒரு புதுக் கிழங்கு. நல்ல மண் வாய்த்தால் வருடத்துக்கு வருடம் பெருகும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விதை சட்டென்று முளைக்காது. பல மாதம் உறங்கும். முளைத்த நாற்று பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். பொறுமை இருப்பவர்கள் செய்து பாருங்கள். முதன்முறை வளர்ப்பவர்கள் கிழங்கே வாங்குங்கள்.

நடுவதற்கு ஆனி, ஆடி. தென்மேற்குக் காற்றோடு நாலு தூறல் விழுந்த பிறகு நட்டால் சரியாக இருக்கும். ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டி வேண்டும். 14 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கிழங்கு போதும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. அடித்துளையை ஓட்டுச் சில் வைத்து மூடி, அதன் மேல் ஒரு கை சரளை போட்டுவிட்டு மண்ணை நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றினால் சிறிது நேரத்தில் அடியில் ஒழுகி ஓட வேண்டும். ஒழுகாத தொட்டியில் காந்தள் வைப்பது வீண். களிமண் தரையானால் அரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள்.

கிழங்கைப் படுக்கை வசமாக வைத்து, முளைநுனி சற்றே மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து, 2 அல்லது 3 அங்குலம் மண் மூடினால் போதும். ஒருமுறை நனைய நனையத் தண்ணீர் விட்டுவிட்டு, முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள். இரண்டு வாரத்தில் முளை வரலாம், ஒரு மாதமும் ஆகலாம். இன்னும் வரவில்லையே என்று விரலை விட்டுக் கிளறிப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இருக்கிற ஒரே முளைக்கண்ணை ஒடிப்பது அந்த விரல்தான்.

கிழங்கைத் தொடும்போதெல்லாம் கையுறை போடுங்கள். சிலருக்குத் தோல் எரியும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாயருகே கொண்டு போகக் கூடாது.

முளை வந்ததும் அடுத்த வேலை கொழுகொம்பு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தடித்த மூங்கிலை நட்டுவிட்டு, கொடி ஏறவில்லையே, தரையில் புரள்கிறதே என்பார்கள். அவரையைப் போலத் தண்டால் சுற்றிக்கொண்டு ஏறுகிற கொடி இல்லை இது. பாகலுக்கு இருப்பது போலத் தனிப் பற்றுக்கம்பியும் கிடையாது. ஒவ்வோர் இலையின் நுனியும் மெல்ல நீண்டு, சுருண்டு, பிடிமானமாக மாறுகிறது. இலை நுனி எவ்வளவு மெல்லியது! அது தடித்த மூங்கிலை எப்படி வளைத்துப் பிடிக்கும்? பென்சிலை விட ஒல்லியாக ஏதாவது வேண்டும். எங்கள் ஊரில் கிளுவை வேலி ஓரம் நடுவார்கள். அதன் மெல்லிய முள்மிலாறுகளைப் பிடித்துக்கொண்டு கண்வலி தானே மேலே போகும். இப்போது காடுகளில் கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள். வீட்டில் காய்ந்த பருத்தி மாறோ துவரை மாறோ கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நகரத்தில் கோழி வலை, மெல்லிய நைலான் வலை, ஜன்னல் கம்பியிலிருந்து கட்டித் தொங்கவிட்ட சணல் கயிறு எதுவும் ஆகும். கொடி ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் ஏறும். நன்றாக வந்தால் ஆள் உயரத்தையும் தாண்டும். தண்டு காற்றில் ஒடியக்கூடியது. கொம்பை முளை வருமுன்பே நட்டுவிடுவது புத்திசாலித்தனம். பிறகு நடப்போனால் கிழங்கைக் குத்திவிடுவோம்.

அடி நிழலில், தலை வெயிலில் நிற்பது இதற்குப் பிடிக்கும். இயற்கையில் புதருக்குள் முளைத்து, புதரின் மேல் ஏறி வெளிச்சத்தைத் தேடுகிற செடி அல்லவா. தொட்டியின் மேல் மண்ணில் காய்ந்த இலைச்சருகு பரப்பிவிட்டு, தொட்டியை அரை நாளாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள். முழு நிழலில் கொடி மட்டும் நீளும், பூ வராது.

மழை இல்லாத நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். கொடி முழங்கால் உயரம் வந்ததும் ஒருமுறை சாணக் கரைசலோ மண்புழு உரமோ கொடுக்கலாம். மொட்டுத் தெரியும்போது ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவுவேன். பொட்டாஷ் சத்துக் கிடைக்கும். யூரியா வேண்டவே வேண்டாம். தழை மதமதவென்று வரும், பூ குறையும், கிழங்கும் அழுகலுக்கு ஆளாகும்.

ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ மொட்டுகள் வரும். அதன்பின் நடப்பதைத் தினமும் காலையில் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வகுப்பில் நான் படம் போட்டு விளக்கியதை விட, ஒரு தொட்டியை மேசைமேல் வைத்த அன்று மாணவிகள் கற்றது அதிகம். மொட்டு பச்சையாக, தலைகுனிந்து தொங்கும். ஆறு இதழ்கள். விரிய விரிய ஒவ்வோர் இதழும் பின்னால் மடங்கி மேல்நோக்கி எழும். பூ தரையைப் பார்க்கிறது, இதழ்கள் வானத்தைப் பார்க்கின்றன. ஓரமெல்லாம் அலை அலையாக நெளிவு. முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆகச் சிவப்பு கீழிறங்கி இதழ் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒரே கொடியில் இந்த எல்லா நிலையிலும் பூக்கள் இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் இரண்டு மூன்று ரகம் சேர்ந்து ஏறியிருக்கிறது என்றே நினைப்பார்கள்.

இதழ்களுக்குக் கீழே ஆறு மகரந்தத் தாள்கள் வட்டமாக விரிந்து நிற்கும். நடுவில் பச்சைச் சூலகம். அதிலிருந்து புறப்படும் சூல்தண்டு நேராகக் கீழே தொங்க வேண்டியது. ஆனால் அடியிலேயே செங்கோணமாக மடங்கி, பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உடைந்துவிட்டதோ என்று தோன்றும். உடையவில்லை, அதன் அமைப்பே அதுதான். சூல்முடி தன் பூவின் மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தன் தூள் தன்மேல் விழுவது குறைகிறது. பூவைச் சுற்றிவரும் பெரிய வண்ணத்துப்பூச்சி வேறு பூவிலிருந்து கொண்டுவந்த தூள் அதில் படுகிறது. கலப்பு நடக்கட்டும் என்று பூ செய்துகொண்ட ஏற்பாடு.

இந்த ஏற்பாடே விவசாயிக்கு வேலை வைக்கிறது. பூச்சி போதாத காட்டில் காய் பிடிப்பது குறைவு. ஆகவே மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பகுதிகளில் கண்வலி பூக்கும் மாதங்களில் காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் காட்டில் இறங்கிவிடுவார்கள். ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். பூவுக்குப் பூ, கொடிக்குக் கொடி, குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை. எங்கள் காட்டிலும் பெண்கள் வருவார்கள். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் நானும் அவர்களுக்குப் பின்னால் நடந்து வேடிக்கை பார்ப்பேன். காயைக் கையில் எடுத்தால் என் பாட்டி, எங்கள் பக்கத்துப் பேச்சில் அமுச்சி, வரப்பிலிருந்தே குரல் கொடுப்பாள்: “கண்ணு, அதைக் கீழ போடு. கையக் கழுவிட்டு வா.” அதட்டல் இல்லை, ஆனால் இரண்டாம் முறை சொல்ல வைக்காத குரல்.

அந்த விதை எங்கே போகிறது? மருந்துத் தொழிற்சாலைக்கு. விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து வீங்கி வலிக்கும் கௌட் என்ற நோய்க்கு, கோல்சிசின் இன்றும் மருத்துவர்கள் எழுதித் தருகிற மாத்திரை. ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம் அளவில்தான் மருந்து இருக்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் அவ்வளவு குறைவு. விதை வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாகிறது. விலை மட்டும் நிலையாக நிற்பதில்லை. ஒரு வருடம் ஏறும், மறு வருடம் படுத்துவிடும். கொடிக்குக் கம்பி, கிழங்கு, கூலி என்று முன்பணம் போட்டவர் விலை விழுந்த வருடம் படும் பாட்டை வீட்டுக்குள் இருந்தே பார்த்து வளர்ந்தவள் நான்.

தாவரவியல்காரர்களுக்குக் கோல்சிசின் வேறு வகையிலும் முக்கியம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க நுண்ணிய இழைகள் உருவாகும். கோல்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. குரோமோசோம் இரட்டிக்கும், ஆனால் செல் பிரியாது. 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இருவர் இதைப் பயிர்களில் செய்து காட்டினார்கள். ஜப்பானிய அறிவியலாளர் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கியதும் இந்த வழியில்தான். முதலில் ஒரு செடியின் குரோமோசோமை இரட்டிப்பாக்கி, அதைச் சாதாரணச் செடியோடு கலந்து, அதில் கிடைக்கும் விதையை நட்டால், அந்தச் செடியின் பழத்தில் முழு விதை உருவாகாது.

இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக மட்டும் இல்லை. நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. நம் உடம்பில் விரைவாகப் பிரிந்து புதுப்பிக்கப்படும் செல்கள் எவை? குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். கிழங்கோ விதையோ வயிற்றுக்குள் போனால் முதலில் அடிபடுவது இவைதான். சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். அடுத்தடுத்த நாட்களில் இரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சர்க்கரைவள்ளி என்று நினைத்து இந்தக் கிழங்கை வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தால் நஞ்சு போய்விடாது.

அதனால் என் வீட்டில் சில கட்டுப்பாடுகளை விடாமல் பின்பற்றுகிறேன். சேனை, சர்க்கரைவள்ளி, இஞ்சி, மஞ்சள் எதுவும் காந்தளுக்குப் பக்கத்தில் கிடையாது. கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டு போவதில்லை. எடுத்து வைத்தால் மூடிய டப்பாவில், மேலே “நஞ்சு” என்று பெரிய எழுத்தில் எழுதி, பூட்டிய அலமாரியில். காயை முற்ற விடுவதில்லை. முற்றிய காய் மூன்றாகப் பிளந்து, உள்ளே பளபளக்கும் சிவப்பு விதை வரிசையாகத் தெரியும்; எந்தக் குழந்தையும் கை நீட்டும். பூ வாடியதும் காம்போடு கிள்ளிவிடுவேன். காய்க்குப் போகிற சத்து கிழங்குக்குப் போய்ச் சேரும் என்ற லாபமும் இருக்கிறது. வெட்டிய கொடியை ஆட்டுக்கோ மாட்டுக்கோ தீனியில் கலந்துவிடக் கூடாது; நாய், பூனைக்கும் ஆகாது. பூவைக் கொய்து ஜாடியில் வைத்தால் பல நாள் வாடாது. ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் அலங்கார மலராகவே பயிர் செய்கிறார்கள். ஆனால் ஜாடித் தண்ணீரைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயதுக் குழந்தை இருக்கும் வீடானால், இரண்டு வருடம் காத்திருங்கள். வேறு பூ வளர்க்கலாம்.

யாராவது தவறித் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, மோர் கொடுப்பது என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கவும் கூடாது. 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். செடியின் ஒரு துண்டைப் பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கண்வலிக் கிழங்கு வைத்து வீட்டு வைத்தியம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்து பயன்படுத்தும் முறை உண்டு. அது படித்துத் தேர்ந்தவர் கையில் இருக்க வேண்டிய வேலை.

இவ்வளவு நஞ்சையும் மீறி இதைத் தின்ன ஒரு புழு இருக்கிறது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாக, மிக அழகாக இருக்கும். மழை தொடங்கிய பின் கூட்டமாக வந்து இரண்டே நாளில் இலையை மொட்டையடித்துவிடும். அந்தப் பளிச்சென்ற நிறம் பறவைகளுக்கு எச்சரிக்கை. நாலைந்து தொட்டிக்கு மருந்தே வேண்டாம். காலையில் கையுறை போட்டு எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். இலையின் அடிப்பக்கம் முட்டைக் குவியல் தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

புழுவை விடப் பெரிய எதிரி வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பூ உச்சத்தில் இருக்கும். மழையும் அப்போதுதான் அடித்துப் பெய்யும். இலையில் பழுப்புத் திட்டுகள் விழுந்து கருகத் தொடங்கினால் அந்த இலைகளை அகற்றி, காற்றோட்டம் கொடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே கொடி பச்சையாகத் திடீரென்று துவண்டால் கிழங்கு அழுகுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தொட்டியை உடனே இறவாரத்துக்கு நகர்த்தித் தண்ணீரை நிறுத்துங்கள். லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேரில் ஒருமுறை ஊற்றினால் சில கொடிகளைக் காப்பாற்றலாம். நடும்போதே தொழு உரத்தோடு டிரைகோடெர்மா விரிடி கலந்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வேளாண்மை விரிவாக்க மையங்களில் கேட்டால் கிடைக்கும்.

மார்கழியில் கொடி மஞ்சளாகத் தொடங்கும். அழுகலில் வருவது போலத் திடீரென்று துவளாமல், கீழிருந்து மேலாக, நிதானமாக, ஒரே சீராக வரும் மஞ்சள் அது. இங்கேதான் முதலில் சொன்ன தொலைபேசி அழைப்புகளுக்கு இடம். இலையில் உள்ளதையெல்லாம் செடி உறிஞ்சி அடியில் இருக்கும் புதுக் கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அசிங்கமாக இருக்கிறது என்று பச்சை மிச்சமிருக்கும்போதே வெட்டினால் அடுத்த வருடப் பூவை இந்த வருடமே வெட்டியதாக ஆகும். தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, தை மாதத்தில் முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். கொடி சருகாகித் தொட்டால் கழன்று வருகிற நிலையில் இரண்டு அங்குலம் விட்டு நறுக்குங்கள். தொட்டியில் பெயரும், “தண்ணீர் ஊற்றாதே” என்ற வாசகமும் எழுதிய ஓர் அட்டையைச் செருகுங்கள். வீட்டில் எல்லாச் செடிக்கும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றுகிற யாராவது ஒருவர் இருப்பார். அவருக்காகத்தான் இந்த அட்டை. வெயிலில் காய்ந்த தொட்டி மண்ணைப் பார்த்தால் மனசு கேட்காது, எனக்குத் தெரியும். ஆனால் மாசி, பங்குனி, சித்திரையில் உறங்கும் கிழங்குக்கு ஊற்றுகிற தண்ணீர் அதை அழுக வைக்கும். வறண்ட மண்ணில் கிடப்பது அதற்குப் பழக்கம். மேட்டாங்காட்டுக் கோடையைப் பார்த்த செடி.

தொட்டி நெரிசலானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாசியில் கிழங்கை எடுத்துப் பிரிக்கலாம். தொட்டியைச் சாய்த்து மண்ணோடு மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கையால் உதிர்ப்பதுதான் பத்திரம். கொத்து எடுத்தால் நுனி போய்விடும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். தனியாகப் பிரிந்து வந்தவற்றை அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது நஞ்சு என்பதை முதலில் சொல்லிவிட்டு, அழகை அப்புறம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். மலையேறப் போகிறவர்கள், கோயில் குன்றுக்குப் போகிறவர்கள், வேலியிலும் புதரிலும் காந்தள் பூத்திருப்பதைப் பார்த்துக் கிழங்கோடு பிடுங்கி வருகிறார்கள். மருந்துக்காகத் தோண்டி விற்றவர்களாலும் பல இடங்களில் காட்டுக் காந்தள் அருகிவிட்டது. பூத்திருக்கும்போது பிடுங்கிய கொடி வீட்டில் தழைப்பதும் அபூர்வம். அந்த நேரத்தில் பழைய கிழங்கு கரைந்திருக்கும், புதுக் கிழங்கு முழுதாகத் திரண்டிருக்காது. அங்கே இருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கிழங்கை வைகாசி, ஆனியில் கண்வலி பயிரிடும் விவசாயிகளிடமோ நம்பகமான நாற்றுப் பண்ணையிலோ காசு கொடுத்து வாங்குங்கள். விலை விழுந்து தவிக்கிற வருடத்தில் அவர்களுக்கும் அது உதவும். இரண்டு நுனியும் ஒடியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆடி பிறப்பதற்குள் நட்டுவிட்டால் புரட்டாசியில் முதல் பூவைப் பார்க்கலாம்.